சம்பளம் இல்லாத வேலை... ஆனா பலன் உண்டா? தொழில்முறைச் சங்கத்தில் தன்னார்வலர் ஆவது பற்றி முழு விவரம்

இந்தச் செய்தியை நீங்கள் வைஃபையில் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் செல்போனும் ரவுட்டரும் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. அதை எழுதியது எந்த அரசாங்கமும் இல்லை, எந்தத் தனி கம்பெனியும் இல்லை. ஐ-ட்ரிபிள்-இ எனப்படும் மின், மின்னணுப் பொறியாளர்கள் சங்கத்தின் ஒரு குழுதான் எழுதியது. அந்தக் குழுவில் உட்கார்ந்து வாதாடி, ஓட்டுப் போட்டு, வரி வரியாகத் திருத்தியவர்களுக்குச் சங்கம் சம்பளம் தரவில்லை. சங்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் தன்னார்வலர்கள்.

இதே சங்கத்துக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் கிளை உண்டு. "வாலன்டியரா வந்து சேரு, ரெஸ்யூமேக்கு நல்லது" என்று சீனியர்கள் கூப்பிடுவதும் உண்டு. டாக்டர், ஆடிட்டர், நூலகர், வழக்கறிஞர் என எந்தத் துறைக்குப் போனாலும் ஒரு சங்கம் இருக்கும், இதே அழைப்பும் இருக்கும்.

சம்பளமே இல்லாத இந்த வேலையில் உண்மையிலேயே என்ன கிடைக்கும்? எது கிடைக்காது? எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- பலன் தருவது பதவி இல்லை, முடித்துக் கொடுத்த வேலை.
- அலுவலகத்தில் பல வருடம் கழித்துக் கிடைக்கும் பொறுப்பு, சங்கத்தில் சீக்கிரம் கிடைக்கும்.
- துறையில் சொந்தக்காரர், தெரிந்தவர் யாரும் இல்லாதவர்களுக்குத்தான் லாபம் அதிகம்.
- நேரம், கைக்காசு, உள் அரசியல் ஆகிய மூன்றையும் கணக்குப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

முதலில், தொழில்முறைச் சங்கம்னா என்ன?

ஒரே தொழிலில் இருப்பவர்கள் தங்கள் அறிவை வளர்க்கவும், தொழிலின் தரத்தைக் காக்கவும், தங்கள் குரலைச் சொல்லவும் சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. 1928-ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கம் ஓர் உதாரணம். ஐ-ட்ரிபிள்-இ இன்னொன்று. 1884-லும் 1912-லும் தொடங்கிய இரண்டு அமெரிக்கச் சங்கங்கள் 1963-ல் ஒன்றாகி உருவானது அது. இன்று 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

இதில் குழப்பம் வரும் இடங்கள் இரண்டு.

ஒன்று, தொழிற்சங்கம் வேறு, இது வேறு. சம்பளம், போனஸ், வேலை நிலைமைக்காக முதலாளியிடம் பேசுவது தொழிற்சங்கம். அதற்கு 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இருந்தது. தொழில்முறைச் சங்கத்தில் முதலாளியும் உறுப்பினராக இருக்கலாம், அவரிடம் வேலை பார்ப்பவரும் இருக்கலாம்.

இரண்டு, சட்டம் உருவாக்கிய அமைப்பு வேறு. வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. ஆடிட்டர்களுக்கான இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. இவற்றில் பதிவு செய்யாமல் தொழில் செய்யவே முடியாது. ஆனால் இப்படிப்பட்ட அமைப்புகளிலும் தன்னார்வ வேலைக்கு இடம் உண்டு. ஆடிட்டர்களுக்கு ஊர் ஊராகக் கிளைகளும் படிப்பு வட்டங்களும் இருக்கின்றன. அவற்றில் கூட்டம் கூட்டி, பேச்சாளரைப் பிடித்து, அறை ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் தொழிலில் இருக்கும் ஆடிட்டர்களேதான்.

தன்னார்வலர் என்னதான் செய்வார்?

மேடையில் உட்கார்ந்து பொன்னாடை வாங்குவது இதில் ரொம்பச் சின்னப் பகுதி. மேடைக்குப் பின்னால் நடப்பதுதான் அதிகம்.

- கூட்டம் நடத்துவது: ஹால், மைக், பேச்சாளரின் டிக்கெட், சாப்பாட்டு எண்ணிக்கை.
- கணக்கு: வரவு, செலவு, ரசீது, தணிக்கைக்குக் கொடுப்பது.
- எழுத்து: கூட்டக் குறிப்பு, செய்திமடல், ஆண்டறிக்கை.
- அறிவு வேலை: ஆய்விதழுக்கு வரும் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது, மாநாட்டுக்குக் கட்டுரை தேர்வு செய்வது, தரநிலை எழுதுவது.
- வழிகாட்டுதல்: மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் கைகொடுப்பது.

இந்தப் பட்டியலில் உங்களுக்கு எது சரியாக வரும் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

வைஃபை குழு சொல்லும் பாடம் என்ன?

கம்பியில்லா இணைப்புக்குத் தரநிலை எழுத ஐ-ட்ரிபிள்-இ 1990-ல் ஒரு குழு அமைத்தது. அதன் எண் 802.11. முதல் தரநிலை வெளிவர 1997 ஆகிவிட்டது. ஏழு வருடம்! அப்போது கிடைத்த வேகம் விநாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட்தான்.

ஏன் இவ்வளவு காலம்? ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகளின் பொறியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். தொழில்நுட்ப முடிவுகளுக்கு 75 சதவீத ஆதரவு வேண்டும். ஓட்டுரிமை காசு கொடுத்து வாங்குவதில்லை. கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்தால்தான் கிடைக்கும்.

குழுவின் முதல் பத்து ஆண்டுகளுக்குத் தலைவராக இருந்தவர் விக் ஹேய்ஸ் என்ற டச்சுப் பொறியாளர். இன்று அவரை "வைஃபையின் தந்தை" என்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு கருவியைக் கண்டுபிடித்ததற்காக வந்ததில்லை. ஒத்துப்போகாதவர்களைப் பேசவைத்து, ஒரு முடிவுக்குக் கொண்டுவந்த வேலைக்காக வந்தது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்தக் குழுக்களில் இருக்கும் பலருக்கு அவரவர் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது, பயணச் செலவையும் பார்த்துக்கொள்கிறது. சங்கம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். நம் ஊர்க் கிளைகளில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வசதியும் கிடையாது. அதனால் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பது தப்பே இல்லை.

தொழிலுக்குக் கிடைக்கும் பலன்கள்

1. வயதுக்கு மீறிய பொறுப்பு: வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் யாரும் பட்ஜெட்டை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். சங்கத்தில் கொடுப்பார்கள், ஏனென்றால் அங்கே ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கும். ஒரு நாள் பயிலரங்கு நடத்தினால் திட்டம், செலவு, ஆள் மேலாண்மை மூன்றும் கைக்கு வரும். பேச்சாளர் காலை ஒன்பது மணிக்குப் போன் போட்டு "வர முடியலை" என்றால் என்ன செய்வது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது.

2. நீங்கள் வேலை செய்வதைப் பிறர் பார்ப்பது: நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம்தான் உங்களைப் பார்க்கிறார்கள். சங்கத்தில் ஆறு மாதம் பார்க்கிறார்கள். சொன்ன தேதியில் சொன்னதைச் செய்கிறவரா, பிரச்னை வந்தால் போனை எடுக்கிறவரா என்பது அதற்குள் தெரிந்துவிடும். நாளைக்கு ஒருவர் உங்களைப் பரிந்துரைத்தால், அந்த வார்த்தைக்கு ஆதாரம் இருக்கும்.

3. அறிமுகங்கள்: அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தகவலைச் சொன்னவர்களில் பலர் நெருங்கிய நண்பர்கள் இல்லை, எப்போதாவது சந்திக்கும் பழக்கக்காரர்கள் என்று தெரியவந்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது ஏற்கெனவே உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேறு ஊர், வேறு கம்பெனியில் இருப்பவருக்குத்தான் புதுத் தகவல் தெரியும். அப்படிப்பட்ட பழக்கம் உண்டாகும் இடம் சங்கம்.

4. துறையின் அடுத்த கட்டம் முன்கூட்டியே தெரிவது: ஆய்விதழுக்குக் கட்டுரை மதிப்பிடுகிறவர் அது அச்சாகும் முன்பே படிக்கிறார். பெரும்பாலும் அவர் பெயர் வெளியே வராது, காசும் வராது. ஆனால் பத்துக் கட்டுரைகளில் மற்றவர்கள் செய்த பிழையைக் கண்டுபிடித்தவர், பதினோராவதாகத் தன் கட்டுரையை எழுதும்போது அந்தப் பிழைகளைச் செய்ய மாட்டார்.

5. தொழில் அங்கீகாரம்: சில சங்கங்களில் உறுப்பினர் நிலையே படிப்படியாக உயரும். ஐ-ட்ரிபிள்-இ-யில் 'சீனியர் மெம்பர்' ஆக பத்து ஆண்டுத் தொழில் அனுபவமும், உங்கள் வேலையை அறிந்தவர்களின் பரிந்துரையும் வேண்டும். படித்த படிப்புக்கும் அந்தப் பத்து ஆண்டுகளில் சலுகை உண்டு. அதற்கும் மேலே 'ஃபெல்லோ'. ஒரு வருடத்தில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் அந்த நிலை தரக்கூடாது என்பது விதி. தன்னார்வ வேலை மட்டும் செய்து அங்கே போக முடியாது. ஆனால் உங்கள் வேலையை அறிந்த நாலு பேர் துறையில் இருப்பது எந்தப் படிக்கும் தேவை.

மனசுக்குக் கிடைக்கும் பலன்கள்

எல்லாமே ரெஸ்யூமே கணக்கில் அடங்காது.

சின்ன ஊரில் தனியாக கிளினிக் நடத்தும் டாக்டரையோ, பள்ளியில் ஒரே நூலகராக இருப்பவரையோ நினைத்துப் பாருங்கள். அவர் வேலையின் கஷ்டம் பக்கத்து அறையில் இருப்பவருக்குப் புரியாது. மாதம் ஒரு முறை அதே தொழிலில் இருப்பவர்களோடு பேசுவது அவருக்குப் பெரிய ஆறுதல். "இந்தப் பிரச்னை எனக்கு மட்டும் இல்லை" என்று தெரிவதே பாதி மருந்து.

கூச்சம் போவது இன்னொன்று. முதல் கூட்டத்தில் நன்றியுரை சொல்லக் கை நடுங்கியவர், மூன்றாவது கூட்டத்தில் பேச்சாளரிடம் கேள்வி கேட்பார். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் நாலு பேர் முன் பேசவும் பழகிக்கொள்ள இது நல்ல இடம். தப்பாகப் பேசினால் இங்கே சம்பளம் குறையாது.

அலுவலகத்தில் ஒரு மோசமான வருடம் வந்தாலும், "நான் வேலைக்கு ஆகாதவன்" என்ற எண்ணம் வராமல் தடுக்கவும் இது உதவும். உங்கள் மதிப்பை ஒரே மேலாளர் மட்டும் எடைபோடும் நிலை மாறிவிடுகிறது.

சீர்காழிக்காரர் காட்டிய வழி

சங்க வேலை ஒருவருக்கும் ஊருக்கும் சேர்ந்து பலன் தந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றார். பல்கலைக்கழக வேலை ஒரு பக்கம், சங்க வேலை மறுபக்கம்.

1929-ல் சங்கம் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931-ல் அந்தப் படிப்பைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. அதே 1931-ல் ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' நூல் வெளிவந்தது. உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த ஆங்கில நூலை வெளியிட்டது, அவர் செயலாளராக இருந்த அந்தச் சங்கம்தான். 1933-ல் அவருடைய கோலன் பகுப்பு முறை நூலையும் சங்கமே வெளியிட்டது.

பொது நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று அவரும் சங்கமும் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்கள். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் கொண்டுவந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. இன்று சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான்.

இதில் யாருக்கு லாபம்? ரங்கநாதனுக்குப் பாடம் நடத்த ஒரு பள்ளியும், நூலை வெளியிட ஒரு பதிப்பாளரும், கருத்தைச் சோதித்துப் பார்க்கச் சக நூலகர்களும் கிடைத்தார்கள். ஊருக்கு நூலகம் கிடைத்தது. இரண்டையும் பிரிக்க முடியாது.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஏன் முக்கியம்?

அப்பா வழக்கறிஞராக இருந்தால், மகளுக்கு எந்தச் சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். மாமா ஆடிட்டர் என்றால் பயிற்சிக்கு ஆபீஸ் தேடி அலைய வேண்டாம். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. மார்க் இருக்கும், திறமை இருக்கும். யாரைக் கேட்பது என்பதுதான் தெரியாது.

சங்கம் அந்தக் குறையை முழுக்கத் தீர்த்துவிடாது. ஆனால் யாருடைய சிபாரிசும் இல்லாமல் உள்ளே போய், சொந்த வேலையால் ஒரு பெயரைச் சம்பாதிக்க முடிகிற இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் இந்த வாய்ப்பு வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வரி, மற்றவர்களுக்கு ஒரு கதவு.

மறுபக்கத்தையும் பார்க்கணும்

- நேரம்: "வாரம் இரண்டு மணி நேரம்தான்" என்று தொடங்கும். மாநாடு நெருங்கும்போது ராத்திரி பன்னிரண்டு மணி ஆகும். தேர்வு, குழந்தை, ஷிஃப்ட் எல்லாவற்றையும் கணக்குப் பாருங்கள்.
- கைக்காசு: ஆட்டோ, பிரின்ட்அவுட், பேனர் என்று சில்லறையாகப் போகும். திருப்பித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் செலவு செய்ய வேண்டாம்.
- எப்போதும் எடுபிடி வேலை: ஒரு வருடமாக நாற்காலி அடுக்குவதும் கூப்பன் கொடுப்பதும் மட்டும்தான் உங்களுக்கு வருகிறது என்றால் அது பயிற்சி இல்லை, இலவச உழைப்பு. வேறு பொறுப்பைக் கேளுங்கள்.
- பெண்களுக்கு வரவேற்பு, ஆண்களுக்கு மேடை: குத்துவிளக்கும் ரோஜாப்பூத் தட்டும் பெண்களிடம், பட்ஜெட்டும் பேச்சாளரும் ஆண்களிடம் என்று பிரித்தால், அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். கணக்கு, தொழில்நுட்பக் குழு போன்ற பொறுப்புகளைப் பெண்கள் கேட்டு வாங்குவது நல்லது.
- பதவிச் சண்டை: தேர்தல் நடக்கும் சங்கங்களில் கோஷ்டி இருக்கும். சேர்ந்த முதல் வருடமே ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கத்தில் இருக்கும் நல்ல மனிதர்களை இழப்பீர்கள்.

ஒரு சங்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானவை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடுகிறதா, தணிக்கை செய்த கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பொருளாளர் பதவி தருகிறோம் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் பார்வையாளராகப் போங்கள். இரண்டு கூட்டத்தில் உட்கார்ந்தால் யார் பேசுகிறார், யார் வேலை செய்கிறார் என்று தெரிந்துவிடும்.
2. பதவி கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். "அடுத்த கூட்டத்தின் குறிப்பை நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.
3. சின்ன வேலை, முடிவுத் தேதியோடு. ஒரு செய்திமடல், ஒரு பயிலரங்கு போதும். முடித்துக் காட்டிய பிறகு அடுத்ததை எடுங்கள்.
4. எல்லை சொல்லிவிடுங்கள். "ஞாயிறு காலை மட்டும் முடியும்" என்று முதலிலேயே சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. ஒத்துக்கொண்டு காணாமல் போவதுதான் பெயரைக் கெடுக்கும்.
5. அலுவலகத்தில் தெரிவியுங்கள். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளைப் பார்த்து, தேவையான அனுமதி வாங்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள்.
6. அடுத்தவரைத் தயார் செய்யுங்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வரத் தெரிவதும் ஒரு திறமை.

ரெஸ்யூமேவில் எப்படி எழுதுவது?

"துணைத் தலைவர், மாணவர் கிளை" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. செய்த வேலையை எழுதுங்கள். உதாரணமாக, "இரண்டு நாள் பயிலரங்கின் வரவு செலவைக் கவனித்து, கணக்கைத் தணிக்கைக்கு முடித்துக் கொடுத்தேன்" என்று எழுதலாம். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவு, என்ன மாறியது என்பதை உண்மையான எண்ணோடு சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் அதிலிருந்துதான் கேள்வி வரும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

சேர்ந்தால் வேலை கிடைக்குமா? உத்தரவாதம் கிடையாது. வேலை இருப்பது தெரியவரும், உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்கும். மிச்சம் உங்கள் திறமை.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒத்துவருமா? தாராளமாக. கணக்கு, எழுத்து, இணையதளம், கட்டுரை மதிப்பீடு எல்லாம் மேடை ஏறாத வேலைகள். சங்கங்களில் ரொம்பத் தட்டுப்பாடு அவற்றுக்குத்தான்.

சான்றிதழ் தருவார்களா? பல இடங்களில் தருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் இரண்டு வருடம் கழித்தும் உங்கள் பெயரை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

எப்போது விலக வேண்டும்? கற்றுக்கொள்ள எதுவும் மிச்சம் இல்லை, கற்றுக்கொடுக்கவும் மனசு இல்லை என்ற நிலை வரும்போது. கணக்கையும் சாவியையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு விலகுபவரை எந்தச் சங்கமும் மறுபடி கூப்பிடும்.